பெயர் மட்டும் எஞ்சிய மந்திரவாதிகள்

மந்திரத்தால் மாங்காய் விழுமா என்று கேட்பது நம்மவர் வழக்கம். விழாது என்பதை அறிந்தே கேட்கிறோம். பில்லியென்றும் சூனியமென்றும் ஏவலென்றும் சொல்லி ஏழை மக்களின் கைப்பொருளைக் கவரும் மந்திரவாதியை ஒருநாளும் நம்பற்க என்று உரைப்பதில் நமக்கு இம்மியும் தயக்கமில்லை. ஆயின், ஈண்டு நாம் சொல்லப் புகும் மந்திரவாதிகள் அவ்வினத்தைச் சேர்ந்தவர்களல்லர். இவர்கள் விளையாட்டு நூல்களின் ஏடுகளிலும் கணினித் திரையிலும் வாழ்பவர்கள். தாம் கற்பனை என்பதை எவரிடத்தும் ஒளிக்காதவர்கள். ஆதலின் இவர்களைப் பற்றி ஆராய்வதனால் பகுத்தறிவுக்கு இழுக்கு ஏதும் நேராது. நேயர்கள் அஞ்ச வேண்டுவதில்லை.

2023ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3ந் தேதி, பெல்ஜிய நாட்டின் கெண்ட் நகரைச் சேர்ந்த லாரியன் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட் 3' என்ற கணினியாட்டத்தை வெளியிட்டது. ஆடுபவர் ஒரு பாத்திரத்தை மேற்கொண்டு, அப்பாத்திரமாகவே நடந்து, பேசி, போரிட்டுக் கதையை முடிவுவரை கொண்டு செல்லும் ஆட்டம் இது. மந்திரவாதியாக ஆட விரும்புவோர்க்கு மந்திரங்களின் நீண்ட பட்டியல் ஒன்று தரப்படுகிறது. அதில் சில மந்திரங்கட்கு முன்னால் ஆட்பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மெல்ஃபின் அமில அம்பு, ஓட்டோவின் அடக்கவொண்ணா நடனம், ஓட்டிலூக்கின் உறைபனிக் கோளம், டாஷாவின் கோரச் சிரிப்பு என இவ்வாறு வரும்.

தோட்டத்து லயத்திலோ பட்டினத்து அடுக்கு வீட்டிலோ இருந்து இவ்வாட்டத்தை ஆடும் நம் இளைஞன், மெல்ஃபின் அம்பை நூறு முறை எய்திருப்பான். யார் அந்த மெல்ஃப்? ஆட்டம் முழுவதையும் துருவித் தேடினும் அவன் கதை அங்கே கிடைக்காது. அம்பு இருக்கிறது, அம்பைச் செய்தவன் இல்லை. பெயர் இருக்கிறது, பெயருக்குரியவன் வாழ்வு இல்லை. இது அற்ப விஷயமென்று சிலர் நினைக்கலாம். பெரியோர் வரலாற்றை மட்டும் எழுதிவிட்டுச் சிறியோரை மறந்துவிடும் பழக்கம் உலகெங்கும் உண்டு. அப்பழக்கம் விளையாட்டுக்குள்ளும் எவ்வாறு புகுகிறது, அதனின்று சிலர் எவ்வாறு மீட்கப்படுகின்றனர் என்பதைக் காண இம்மந்திரவாதிகளின் சரித்திரம் நல்லதோர் உதாரணமாகும்.

இச்சரித்திரத்தின் வேரைக் காண நாம் அமெரிக்காவிலே விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூருக்குச் செல்ல வேண்டும். அங்கே காரி கைகாக்ஸ் என்றொருவர் வாழ்ந்தார். காப்புறுதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்துவந்த அவர், 1970ல் அவ்வேலையை இழந்தார். பின்னர், மனைவி மக்களைக் காப்பாற்றும் பொருட்டுக் காலணி பழுதுபார்க்கும் தொழிலைச் செய்தார். ஓய்ந்த வேளைகளில் பொம்மைப் படைகளை மேசைமீது நிறுத்திப் போர் விளையாட்டு ஆடுவதே அவருக்கு இன்பம். 1972ல் மின்னசோட்டா மாநிலத்து டேவ் ஆர்னெசன் என்பவர் வந்து, தாம் புதிதாய்க் கண்ட ஓர் ஆட்டமுறையை அவருக்குக் காட்டினார். படை முழுவதையும் நடத்துவதை விட்டு, ஒவ்வொருவரும் ஒரே ஆளாக நின்று கற்பனைக் கோட்டையொன்றினுள் நுழைந்து பார்ப்பதே அம்முறை. ஒருவர் கதை நடத்துவார்; ஏனையோர் தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்வார்கள்; வெற்றி தோல்வியைப் பகடைக்காய் தீர்மானிக்கும்.

கைகாக்ஸ் உடனே கிரேஹாக் என்னும் கோட்டையைக் கற்பித்துத் தம் பிள்ளைகளையே அதனுள் அனுப்பினார். மூத்த மகன் எர்னியும் மகள் எலிசும் முதன்முதலில் ஆடினர். அண்டை அயலார் வந்து சேர்ந்தனர். 1974ல் கைகாக்ஸும் ஆர்னெசனும் இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விதிநூல் மூன்று சிறு புத்தகங்களாய் ஒரு பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. முதற்பதிப்பு 1000 படிகள். இன்று உலகில் பாத்திரமேற்று ஆடும் கணினியாட்டங்கள் எத்தனை உளவோ, அத்தனையும் ஏதேனும் ஒரு வகையில் இப்பெட்டிக்குக் கடன்பட்டவையே.

மந்திரத்துக்கு மந்திரவாதியின் பெயரைச் சூட்டும் மரபு எங்கிருந்து வந்தது? ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க நாவலாசிரியர் 1950ல் வெளியிட்ட 'மாளும் பூமி' என்னும் கதை நூலில், முற்காலத்து வித்தகர் பெயரால் மந்திரங்கள் வழங்கப்படுகின்றன. மனனம் செய்த மந்திரம் ஒருமுறை சொன்னதும் நினைவினின்று அழிந்துபோகிறது. கைகாக்ஸ் இவ்விரண்டையும் தம் ஆட்டத்திற் கையாண்டார். ஆனால், யார் பெயரைச் சூட்டுவது என்பதில் அவர் தம் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தோரையே நோக்கினார்.

மகன் எர்னியின் மந்திரவாதிக்கு டென்சர் என்று பெயர். எர்னஸ்ட் என்னும் ஆங்கிலப் பெயரின் ஆறு எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் டென்சர் வரும். நண்பர் ஜிம் வார்டின் பெயரைக் கடைசியெழுத்திலிருந்து திருப்பிப் படித்தால் டிராமிஜ் பிறப்பான். இளைய மகன் லூக்கின் பாத்திரம் ஆண்பாலைச் சேர்ந்த 'எல்ஃப்' என்னும் வனதேவர் குலத்தவன். பாத்திரக் குறிப்பேட்டில் ஆண் என்பதற்குரிய 'எம்' என்ற எழுத்தும், பக்கத்திலே 'எல்ஃப்' என்ற சொல்லும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படிக்க, மெல்ஃப் உதித்தான்! அமில அம்பின் அதிபதி பிறந்த கதை இவ்வளவே.

ரேரியின் கதை இன்னும் வேடிக்கையானது. பிரையன் புளூம் என்பார் அப்பாத்திரத்தை ஆடினார். மந்திரவாதிகள் படிப்படியாய்ப் பெறும் பட்டங்களுள் 'மீடியம்' என்பது ஒன்று. இறைச்சியைப் பாதி வேக்காட்டில் கேட்கும் ஆங்கிலச் சொற்றொடர்போல் 'மீடியம் ரேரி' என்று அழைக்கப்பட வேண்டுமென்பதே புளூமின் ஆசை. அப்பட்டம் கிட்டியதும் அவர் ரேரியை ஆடுவதை நிறுத்திவிட்டார். ஒரு சிரிப்புக்காகப் பிறந்தவன், சிரித்து முடிந்ததும் மூலையிலே வைக்கப்பட்டான்.

இவர்கள் அனைவரினும் நம் மனத்தைக் கவர்பவன் பிக்பி. அவனுக்கு ஆடுபவர் எவருமில்லை. ராபர்ட் குன்ட்ஸ் என்ற இளைஞர் கதை நடத்திய நாளொன்றில், வழியிலே குறுக்கிடும் பகைவனாகப் பிக்பி தோன்றினான். அவன் ஒரு சில்லறை மந்திரவாதி, தீயவன், அன்றைக்கே கொல்லப்பட்டு மறக்கப்பட வேண்டியவன். கைகாக்ஸ் தமது மார்டன்கைனன் என்னும் மந்திரவாதியாக அங்கே நின்றார். அவர் பிக்பியைக் கொல்லவில்லை. வசிய மந்திரத்தால் கட்டி ஏவலாளாகக் கொண்டார். நாட்கள் சென்றன. இருவரும் பல இடர்களைச் சேர்ந்து கடந்தனர். வசியம் தேவையில்லாத காலமும் வந்தது. பிக்பி தன் மனத்தாலேயே துணைவனானான். 1978ல் வெளிவந்த 'பிளேயர்ஸ் ஹாண்ட்புக்' என்னும் விதிநூலில் பிக்பியின் பெயரால் 5 மந்திரங்கள் இடம்பெற்றன. ஐந்தும் கைகள்: தடுக்கும் கை, தள்ளும் கை, பற்றும் கை, குத்தும் கை, நசுக்கும் கை. கொல்லப்படாமல் விடப்பட்ட ஒரு சிறு பகைவன் எவ்வளவு உயர முடியும் என்பதற்கு இது சான்றன்றோ?

நிற்க. பெயர் சூட்டுவது இவ்வளவில் அன்பின் அடையாளமாக இருந்தது. மேசையில் அமர்ந்து கதையை வளர்த்தவனுக்குக் கிடைத்த கூலி அது. ஆனால், ஆட்டம் பெருவணிகமாயிற்று. பணம் வந்த இடத்திலே பங்காளிச் சண்டையும் வந்தது. 1985ல் கைகாக்ஸ் தாம் தோற்றுவித்த கம்பெனியின் அதிகாரத்தை இழந்தார். 1986ல் அதைவிட்டு விலகினார். அப்போது ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, தம் சொந்தப் பெயரைத் திரித்து அமைத்த பாத்திரங்களின் உரிமை அவருக்குக் கிடைத்தது. மார்டன்கைனன் முதலிய ஏனையோர் கம்பெனியின் உடைமையாயினர். பல ஆண்டுகள் தாம் உயிர்கொடுத்து ஆடிய மார்டன்கைனனைப் பற்றி எழுத அவருக்கே உரிமையில்லாமற் போயிற்று. மகன் பெயரிற் பிறந்த டென்சரும் கம்பெனியிடமே நின்றான்.

அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். 1991ல் கம்பெனி 'கிரேஹாக் போர்கள்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதன் கதைப்படி, சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திடும் நாளன்று ரேரி துரோகியாக மாறுகிறான். டென்சரையும் ஓட்டிலூக்கையும் கொன்றுவிட்டு ஓடுகிறான். மறு ஆண்டு, 1992ல், 'துரோகி ரேரி' என்ற பெயரிலேயே ஒரு நூல் வந்தது. அதிலே ராபிலார் என்னும் போர்வீரன் ரேரியின் கூட்டாளியாகக் காட்டப்படுகிறான். இந்த ராபிலார் யார்? பிக்பியைப் படைத்த அதே ராபர்ட் குன்ட்ஸ் ஆடிவந்த பாத்திரம்!

இதை நாம் இருவகையாக நோக்கலாம். கதை எழுதுபவன் பார்வையில் இது நல்ல கற்பனை. வெறும் வேடிக்கையாய்க் கிடந்த ரேரிக்கு ஆசையும் வஞ்சமும் குற்றவுணர்வும் கொண்ட ஒரு வாழ்வு கிடைத்தது. மூலையிற் கிடந்தவன் நடுமேடைக்கு வந்தான். மறுபுறம், சிறுவனாயிருந்தபோது தகப்பனார் மேசையில் டென்சரை ஆடிய எர்னியின் பார்வையில் இதென்ன? தன் பெயரின் எழுத்துகளைக் கொண்டவனை, தன்னைக் கேளாமலே எவரோ கொன்றுபோட்டதாகாதா? சட்டப்படி குற்றமில்லை. ஆயினும் சட்டம் ஒப்புவதையெல்லாம் மனம் ஒப்புவதில்லை. 1998ல் வெளிவந்த 'எண்மரின் திரும்புகை' என்ற நூலில் டென்சருக்கு மறுவாழ்வு அளிக்கப்பட்டதைக் காணும்போது, வாசகர் மனத்திலும் அந்த உறுத்தல் இருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1997ல் அக்கம்பெனி விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற வேறொரு கம்பெனியின் கைக்கு மாறியது. 2000ம் ஆண்டில் புதிய சொந்தக்காரர்கள் ஆட்டவிதிகளை எவரும் எடுத்தாளலாம் என்று தாராளமாய்த் திறந்துவிட்டார்கள். போற்றத்தக்க செயல்தான். ஆனால், விதிகளைக் கொடுத்தவர்கள் பெயர்களைக் கொடுக்கவில்லை. பொதுவில் வைக்கப்பட்ட ஏட்டில் மெல்ஃபின் அமில அம்பு வெறும் அமில அம்பாயிற்று. டென்சரின் மிதக்கும் தட்டு வெறும் மிதக்கும் தட்டாயிற்று. பிக்பியின் கைகள் எவருடையவையும் அல்லாத கைகளாயின. மார்டன்கைனன் பெயர் இருந்த இடத்தில் 'மந்திரவாதி' என்ற பொதுச்சொல் உட்கார்ந்தது. ஆகவேதான், அவ்விதிகளின் வழிவந்த 'பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர்' என்னும் 2018ம் ஆண்டுக் கணினியாட்டத்தில் அமில அம்பு மட்டும் பறக்கிறது, மெல்ஃபைக் காணோம். வேலையை வைத்துக்கொண்டு வேலையாளின் பெயரை அடித்துவிடுவது எங்கும் எளிது.

இனி, பெயர் மட்டுமன்றி உருவும் பெற்றுக் கணினித் திரையில் நடமாடிய சிறு மந்திரவாதிகள் இருவரைக் காண்போம். இருவரும் பெண்கள். கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் 1998 டிசம்பரில் 'பால்டர்ஸ் கேட்' முதல் ஆட்டத்தையும், 2000ல் அதன் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. இவ்விருவரும் முதல் பாகத்தில் இடம்பெறுகின்றனர்.

முதலாமவள் இமோயன். கதாநாயகனோடு ஒன்றாய் வளர்ந்த பெண். முதல் பாகத்தில் அவள் மந்திரவாதியல்லள். பூட்டுத் திறக்கும் சிறு திருடி. ஆட்டத்தின் தொடக்கத்தில் நற்குணமுள்ள திருடர் எவரும் இல்லையே என்ற குறையை நீக்க, ஆட்டம் முடியுந் தறுவாயில் அவசரமாய்ச் சேர்க்கப்பட்டவள். அவளுக்கெனக் குரல் பதிவு செய்ய வழியில்லை. மாதிரிக் காட்சியொன்றிற்காக முன்னர்ப் பதிவுசெய்து மிஞ்சிக் கிடந்த குரலையே வெட்டி ஒட்டி அவளுக்கு அளித்தனர். ஆகவே, உடன்வரும் தோழர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது அவள் மட்டும் பேசாதிருந்தாள். இத்தகைய எச்சத்தாற் செய்யப்பட்டவளை ஆடியவர்கள் நேசித்தார்கள். இரண்டாம் பாகத்தில் அவள் மந்திரம் பயின்றவளாக வருகிறாள். உரிமச்சீட்டு இன்றி மந்திரம் பயன்படுத்தினாள் என்று நகரத்து மந்திரவாதிச் சங்கத்தார் அவளைப் பிடித்துக்கொண்டு போகின்றனர். அவளை மீட்பதே கதையின் பெரும்பகுதி. இறுதியில், அவளும் கதாநாயகனும் ஒரே தந்தையின் மக்கள் என்ற உண்மை வெளியாகிறது. இடம் நிரப்ப வந்தவள் கதையின் உயிர்நாடியானாள்.

இரண்டாமவள் டைனஹேர். ரஷெமன் என்னும் கற்பனை நாட்டிலிருந்து வந்த கருநிறத்து மந்திரக்காரி, கற்றவள், நிமிர்ந்த நடையும் தேர்ந்த சொல்லும் உடையவள். மின்ஸ்க் என்ற போர்வீரன் அவளுக்கு மெய்க்காவலன். முதல் பாகத்தில் அவளைச் சிறையிலிருந்து மீட்டுக் கூட்டத்திற் சேர்த்துக்கொள்கிறோம். இரண்டாம் பாகம் தொடங்கும்போதோ அவள் கொல்லப்பட்டுவிட்டாள். நாம் அச்சாவைக் காண்பதுகூட இல்லை. மின்ஸ்க் சொல்லக் கேட்கிறோம். அவன் அழுகிறான், பழிவாங்கச் சூளுரைக்கிறான். ஆடியவர் மனங்களில் மின்ஸ்க் அழியாப் புகழ் பெற்றான். 2023ம் ஆண்டின் மூன்றாம் ஆட்டத்திலும் வந்து நிற்கிறான். டைனஹேர் வரவில்லை.

இமோயனும் டைனஹேரும் ஒரே ஆட்டத்தின் சிறு பாத்திரங்கள். ஒரே நிறுவனத்தார் கையில், ஒரே இரண்டாம் பாகத்தில் புதுக்கப்பட்டவர்கள். ஒருத்திக்குக் குரலும் உறவும் துயரும் விருப்பமும் கொடுத்தார்கள். மற்றவளிடமிருந்து உயிரை எடுத்து இன்னொருவனுக்குக் கண்ணீராக்கினார்கள். சிறு பாத்திரத்தைப் புதுக்கி எழுதுவது நன்றா தீதா என்று பொதுவாக வினவுவாருண்டு. அவ்வினாவிற் பயனில்லை. புதுக்கியதனால் யாருடைய வாழ்வு விரிந்தது என்பதே வினா. பிக்பிக்கு விரிந்தது, இமோயனுக்கு விரிந்தது. ரேரிக்கு விரிந்தபோது டென்சருக்குச் சுருங்கியது. டைனஹேருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

டாஷாவின் கதையைச் சொல்லாது முடித்தல் தகாது. கோரச் சிரிப்பு மந்திரம் 1985ல் வெளிவந்த விதிநூலில் இடம்பெற்றது. டாஷா என்பவள் மெய்யாகவே வாழ்ந்த ஒரு சிறுமி. வண்ண மெழுகுக்கோலால் கைகாக்ஸுக்குக் கடிதம் எழுதியவள். அவள் பெயரை அவர் ஒரு மந்திரத்துக்கு வைத்தார். பல்லாண்டுகள் அச்சிரிப்பு மட்டும் நூல்களிலே ஒலித்துக்கொண்டிருந்தது. சிரித்தவள் யாரென்று எவரும் கேட்கவில்லை. பிற்கால எழுத்தாளர்கள் கேட்டார்கள். இக்வில்வ் என்று 1982லேயே கைகாக்ஸ் படைத்திருந்த கொடிய மாய அரசியின் இளமைப் பெயரே டாஷா என்று எழுதினார்கள். அரசியின் கொடுமைக்குப் பின்னே ஓர் இளமை இருந்தது. சிரிப்புக்குப் பின்னே ஒரு வாழ்வு இருந்தது. 2020ல் 'டாஷாவின் சர்வகொப்பரை' என்ற பொருள்படும் பெயரோடு முழு விதிநூல் ஒன்று வெளியாயிற்று. அதன் ஓரங்களில் டாஷாவே குறும்பான குறிப்புகள் எழுதியிருப்பதாகக் கற்பனை. மெழுகுக்கோலால் தீட்டிய குழந்தையின் கையெழுத்து, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து நூலின் ஓரக்குறிப்பாய்த் திரும்பி வந்ததுபோல நமக்குத் தோன்றுகிறது. 2023ல் பிக்பியின் பெயரையும் முகப்பிற் கொண்ட ஒரு நூல் வந்தது. அன்றைக்கே மடிந்து மறக்கப்பட வேண்டிய பகைவன், இன்று நூலுக்கு முகவுரைஞன்!

நேயர்களே! விளையாட்டைப் பற்றி இத்தனை சொல்வானேன் என்று வினவுகிறீர்களா? கதையில் எவன் சிறியவன் என்பதை முடிவு செய்பவன், பேனா பிடித்தவனே. பேனா கைமாறினால் சிறியவன் பெரியவனாவான், பெரியவனும் துரோகியாவான். எனவே பேனா பிடிப்போர்க்குப் பொறுப்பு உண்டு. ஒரு பெயரை எடுக்கும்போது, அதை முதலில் எவர் என்ன அன்போடு வைத்தார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருத்தியைக் கொல்லும்போது, அவள் சாவு அவள் கதையின் முடிவா, பிறன் கதையின் அலங்காரமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

இவ்வாட்டங்களை ஆடும் நம் இளைஞர்க்கும் ஒரு சொல். மந்திரத்தை நம்பாதீர்கள்; கதையை நம்புங்கள். திரையின் ஓரத்தில் ஒரு சொல் பேசிவிட்டு மறையும் மந்திரக்காரன் ஒருவனைத் தேர்ந்தெடுங்கள். அவன் எந்த ஊரான், எவரிடம் கற்றான், எதற்கு அஞ்சினான், இரவில் எவரை நினைத்தான் என்று ஓர் ஏட்டில் எழுதிப் பாருங்கள். கைகாக்ஸின் மேசையில் அமர்ந்து பெயர் வைத்தவர்களும் குடும்பத்தாரும் அண்டை அயலாருமேயன்றிப் பேராசிரியர்கள் அல்லர். அடுத்தமுறை மெல்ஃபின் அம்பை எய்யுமுன் ஒரு கணம் நிறுத்தி, அப்பெயர் ஒரு தகப்பன் தன் சின்ன மகனுக்குக் கொடுத்த பரிசு என்பதை நினைவுகொள்ளுங்கள். பின்னர் எய்யுங்கள்.